சாஃப்ட்னர் ஓடுகிறது, சோப்பு மட்டும் நுரைக்கவில்லை: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

போர் தண்ணீரை நம்பி இருக்கும் அடுக்குமாடிகளில், கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் சரியில்லை என்று புகார் எழுந்தால், பார்க்க வருகிறவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெசின் போச்சு சார், மாத்தணும்." நூறு, நூற்றைம்பது லிட்டர் ரெசினை மாற்றுவது சின்னச் செலவில்லை. சென்னையின் தென்பக்கப் புறநகர்களில் பல வருடமாக இந்தச் சாஃப்ட்னர்களைத் திறந்து மூடி வருகிறேன். நான் பார்த்த வரையில், ரெசின் உண்மையிலேயே செத்துப்போயிருந்த இடங்கள் குறைவு. உப்புக் கரைசல் ரெசினிடம் போய்ச் சேராமலே இருந்த இடங்கள்தான் அதிகம். அதனால் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் கீழே உள்ள வரிசையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலை செய்யும் விதம் இவ்வளவுதான். ரெசின் என்பது கசகசா அளவிலான பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் வரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தான் வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும், கெட்டியான உப்புக் கரைசலை அதன் வழியே செலுத்தினால் கால்சியம் கழன்று சாக்கடைக்குப் போய், சோடியம் மறுபடி ஏறிவிடும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம், பம்பு ரூமில் "உப்பு போடுறது" என்பார்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்: அளந்து பாருங்கள்

வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேல்நிலைத் தொட்டியில் இரண்டு நாள் பழைய தண்ணீர் கலந்திருக்கும். சாஃப்ட்னருக்கு உள்ளே போகும் குழாயிலிருந்து ஒரு பாட்டில், வெளியே வரும் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடியுங்கள்.

கடினத்தன்மையை, அதாவது தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அளவைக் காட்டும் ஹார்ட்னஸ் கிட் ஒன்று கட்டாயம் பம்பு ரூமில் இருக்க வேண்டும். குப்பியில் கோடு வரை தண்ணீர், சில துளி பஃபர், கூடவே எரியோகுரோம் பிளாக் டி என்ற பொடி ஒரு சிட்டிகை. கடினநீர் என்றால் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். நன்றாக மென்மையான நீர் என்றால் போட்ட உடனே நீலமாகிவிடும். சிவந்தால் இ.டி.டி.ஏ. கரைசலைத் துளித்துளியாக விட்டு, நீலமாகும் வரை எத்தனை துளி என்று எண்ணிக் கணக்கிட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கிறது. வேறு ஆதாரமே இல்லையென்றால் 600 வரை விடுகிறது. நல்ல சாஃப்ட்னரில் உப்பு போட்ட கையோடு அளந்தால் 20-க்குள் வரும். 50-ஐத் தாண்டினால் அடுத்த உப்புக்கு நேரமாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கிட் இல்லையா? ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். மென்னீர் நுரைத்துத் தெளிவாக நிற்கும். கடினநீர் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஆடை கட்டும். ஷாம்பு, டிடர்ஜென்ட் வைத்துப் பார்க்காதீர்கள், அவை கடினநீரிலும் நுரைக்கும்.

டி.டி.எஸ். மீட்டரை நீட்டி "உள்ளே 1,200, வெளியேயும் 1,200, அப்புறம் எதுக்கு இந்த மெஷின்?" என்று கோபப்படும் சங்கச் செயலாளர்கள் பலர். சாஃப்ட்னர் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்காருவதால், மொத்தக் கரைபொருள் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கும். 100 மி.கி. கடினத்தன்மை போனால் 46 மி.கி. சோடியம் சேரும். 500 கடினத்தன்மை உள்ள போரில் அது லிட்டருக்கு 230 மி.கி. ஆகிறது. ஆகவே இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, கீசருக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. வழியாக எடுங்கள். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு தரம் சொல்லி வையுங்கள். செடிகளுக்கும் ஊற்றாதீர்கள், சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

"உப்பு போட்டும் தண்ணீர் மாறவே இல்லை"

இதற்குத்தான் அதிகம் அழைப்பார்கள். முதலில், தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் நேராக அனுப்பும் பைபாஸ் வால்வைப் பாருங்கள். யாராவது தொட்டி கழுவும்போது திறந்துவிட்டு மூட மறந்திருப்பார்கள், அல்லது மூடியும் கசியும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பைபாஸ் கசிந்தால், உப்பு போட்ட உடனேயும் மறுநாளும் கடினத்தன்மை ஒரே அளவில், உதாரணமாக 150-லேயே, நிற்கும். ரெசின் தீர்ந்து வருகிறது என்றால் 20, 40, 90 என்று ஏறிக்கொண்டே போகும். சாஃப்ட்னரின் ஓட்டத்தை நிலைக்கு நிலை மாற்றிவிடும் மல்டிபோர்ட் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் தேய்ந்தாலும் இதே மாதிரி ஒரே அளவுக் கசிவுதான் காட்டும்.

பைபாஸ் சரியாக இருந்தால் அடுத்து உப்புத் தொட்டி.

ஒரு குடியிருப்பில் 150 லிட்டர் ரெசினை முழுக்க மாற்ற வேண்டும் என்று விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டாவது கருத்துக்காக என்னைக் கூப்பிட்டார்கள். சாஃப்ட்னர் பக்கம் போவதற்கு முன் காவலாளி அண்ணனிடம் கேட்டேன், "வாரத்துக்கு எத்தனை மூட்டை போடுறீங்க?" அவர் சொன்னார், "போட்டு மூணு வாரம் ஆச்சு சார். குறையவே இல்ல, அதான் போடல." பழுது எங்கே என்று அந்த வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. உப்பு குறையவில்லை என்றால் கரைசல் உறிஞ்சப்படவில்லை. வால்வை பிரைன் (உப்புக் கரைசல் இழுக்கும்) நிலையில் வைத்து, உறிஞ்சு குழாயைத் தொட்டியிலிருந்து தூக்கி அதன் வாயில் விரலை வைத்தேன். விரலை இழுக்கவே இல்லை. கரைசலை உறிஞ்சி இழுக்கும் எஜெக்டரைக் கழற்றினால், முனையின் துளையில் நூல்போல ஒரு டெஃப்லான் டேப் துண்டு. அரிசி நீளம் கூட இருக்காது. அதை எடுத்து, கழுவி மாட்டினேன். விரல் வைத்ததும் பட்டென்று ஒட்டிக்கொண்டது. அந்த ரெசின் அதற்குப் பிறகு நான்கு வருடம் ஓடியது.

அந்த விரல் சோதனையை யாரும் செய்யலாம். இழுக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை நான்கு. பம்பு அழுத்தம் போதுமா? எஜெக்டர் வேலை செய்ய 1.5 பாராவது வேண்டும், 2 இருந்தால் நிம்மதி. முனையில் மண், டேப், உப்புக் கசடு அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்து ஊதி எடுங்கள், கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி உறிஞ்சும் வேகம் நிரந்தரமாகக் கெடும். டிரெயின் குழாய் அடைத்தோ மடங்கியோ இருக்கிறதா? எதிரழுத்தம் இருந்தால் எஜெக்டர் இழுப்பதற்குப் பதில் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளும், தொட்டி நிரம்பி வழிவதும் இதனால்தான். கடைசியாக, உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்று போகிறதா? குழாயில் குமிழ் ஓடினால் அதுதான்.

சில தொட்டிகளில் உப்பு குறையாததுபோல் தெரிவதற்கு வேறு காரணம் உண்டு. மேலே உப்பு பாறை மாதிரி கட்டியாகி, அடியில் வெற்றிடமாக இருக்கும். அதாவது தண்ணீர் உப்பைத் தொடவே இல்லை. மழைக்காலத்தில், பொடி உப்பு போடுகிற இடங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரு மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி உடைத்துவிடுங்கள், கடப்பாரை வேண்டாம், தொட்டி கிழியும். கரைசல் போதுமான அளவு கெட்டியா என்று தெரிய ஹைட்ரோமீட்டர் இல்லாவிட்டால் ஒரு முட்டை போதும். பூரிதக் கரைசலில் 26 சதவீதம் உப்பு இருக்கும், அதில் முட்டை நன்றாக எழும்பி மிதக்கும். மூழ்கினால் அது கரைசலே இல்லை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் சுத்திகரிக்காத கல் உப்பு மலிவு. ஆனால் மூட்டைக்கு மூட்டை மண்ணும் ஜிப்சமும் வேறுபடும். அதைப் போடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து அடிச்சேற்றைக் கழுவியே ஆக வேண்டும். கழுவ ஆள் இல்லாத இடத்தில், சாஃப்ட்னருக்கென்று விற்கும் மாத்திரை உப்பு கடைசிக் கணக்கில் லாபம்தான்.

"உப்பு போட்ட ரெண்டு நாள் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி"

இங்கே முதலில் தேவைப்படுவது கணக்கு. நல்ல நிலையில் உள்ள ஒரு லிட்டர் ரெசின், லிட்டருக்கு 150 கிராம் உப்பு கொடுத்தால், 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 100 லிட்டர் ரெசினுக்கு 15 கிலோ உப்பு, அதைக் கரைக்க 42 லிட்டர் தண்ணீர். கிடைக்கும் கொள்ளளவு 5,000 கிராம். போர் தண்ணீர் 400 மி.கி. என்றால் 12,500 லிட்டர் மென்னீர் வரும். அதே போர் மே மாதம் 800-க்கு ஏறினால் 6,250 லிட்டரோடு சரி. சாஃப்ட்னர் அதே, ரெசின் அதே, உப்பு அதே. பாதியில் தீர்ந்துபோனதும் "ரெசின் வீக்" என்று பெயர் வந்துவிடும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பல இடங்களில் கடினத்தன்மை இப்படி ஏறும். 2019-ல் சென்னை வறண்டபோது போரும் வற்றி, லாரித் தண்ணீரும் கலந்து, ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் உள்ளே வரும் தண்ணீரை வாரம் ஒருமுறை அளந்து, உப்பு போடும் இடைவெளியைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கணக்குப்படி வர வேண்டியதில் பாதிதான் வருகிறது, உப்பும் சரியாக இறங்குகிறது என்றால், கரைசல் போகும் வேகத்தைக் கவனியுங்கள். ரெசினைத் தொடும்போது கரைசல் 10 சதவீதம் அளவில், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். "சீக்கிரம் முடிக்கணும்" என்று பத்து நிமிடத்தில் தள்ளினால் உப்பு சாக்கடைக்குத்தான் போகும். பேக்வாஷை, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு ரெசினை அலசுவதை, செய்யாமல் விடுவதும் கெடுதல். பேக்வாஷ் இல்லாத ரெசின் படுக்கை இறுகி, தண்ணீர் தனக்கென்று ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு அதன் வழியே மட்டும் ஓடும், பக்கத்தில் உள்ள ரெசின் சும்மா கிடக்கும். பத்து நிமிடம், டிரெயினில் வரும் தண்ணீர் தெளியும் வரை பேக்வாஷ் கொடுங்கள்.

இதெல்லாம் சரியென்றால், அடுத்த சந்தேகம் இரும்பு.

தண்ணீர் பழுப்பாகிறது, பக்கெட்டில் செம்மண் கறை

போரிலிருந்து பிடித்த தண்ணீரை ஒரு வெள்ளைப் பக்கெட்டில் இரவு முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் மஞ்சளாகி அடியில் துரு படிந்தால் கரைந்த இரும்பு இருக்கிறது. ரெசின் அதையும் பிடிக்கும், ஆனால் உப்புக் கரைசலுக்கு அது எளிதில் கழன்று வராது. மணிகளின் மேலும் உள்ளேயும் துருவாகப் படிந்து, கால்சியம் நுழைய இடமில்லாமல் செய்துவிடும். நல்ல ரெசின் தேன் நிறத்தில் பளபளக்கும். இரும்பு ஏறியது கருகிய கடுகு போல இருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் பழுப்பு ஒட்டும்.

இதைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தால் செய்வது பாதுகாப்பானது. முதலில் நீண்ட பேக்வாஷ். 25 லிட்டர் ரெசினுக்கு அரை கிலோ சிட்ரிக் அமிலத்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிரைன் வழியாக உள்ளே இழுத்து, ரெசின் முழுவதும் நனைந்ததும் வால்வை மூடி இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு டிரெயினில் திறந்தால் வருவது டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். தெளியும் வரை கழுவி, முழு அளவு உப்புடன் அடுத்தடுத்து இரண்டு ரீஜெனரேஷன் செய்யுங்கள். அமிலம் சோடியத்தையும் ஓரளவு கழற்றியிருக்கும், அதனால்தான் இரண்டு. ஒரு தடவையில் போதவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி செய்யலாம். தொட்டி எஃப்.ஆர்.பி.யாக (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) இருந்தால் கவலையில்லை. உள்பூச்சு உரிந்த இரும்புத் தொட்டியில் அமிலம் விடாதீர்கள், அது தொட்டியைத்தான் தின்னும்.

கந்தக அமிலத்தைப் பயன்படுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ரெசினில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகி உள்ளேயே கெட்டியாகிவிடும், அதை எடுக்க வழியில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுத்தம் செய்வது அனுபவமுள்ளவர் கையால் மட்டும். எந்த அமிலமானாலும் பிளீச்சிங் பவுடர், ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) பக்கத்தில் வரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பம்பு ரூமில் அது உயிருக்கு ஆபத்து.

இரும்பு தொடர்ந்து வரும் போர் என்றால், சாஃப்ட்னருக்கு முன்னால் காற்றூட்டலும் மணல் வடிகட்டியும் வைத்து இரும்பை அங்கேயே பிடிக்க வேண்டும். அது இல்லாமல் வருடத்துக்கு நான்கு முறை அமிலம் விட்டுக்கொண்டிருப்பது ரெசினுக்கும் உங்களுக்கும் வேதனை.

மாடியில் தண்ணீர் மெல்ல வருகிறது

உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் பிரஷர் கேஜ் இருக்கட்டும். வித்தியாசம் வழக்கமாக அரை பாருக்குள் நிற்கும். ஒன்றைத் தாண்டினால் உள்ளே அடைப்பு. பேக்வாஷ் செய்ததும் இறங்கிவிட்டால் அது மண், சேறு. இறங்கவில்லை என்றால் கொஞ்சம் ரெசினை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். நல்ல மணி கண்ணாடித்துண்டு மாதிரி உறுத்தும். வேக வைத்த சவ்வரிசி போல வழுவழுவென்று நசுங்கினால் குளோரின் அதைத் தின்றுவிட்டது. மணியை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டமைப்பு அறுந்து, அது தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். இதற்கு மருந்து கிடையாது.

இது எப்படி நடக்கிறது என்றால், சம்ப்பைக் கழுவிவிட்டு நல்ல மனதோடு ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவார்கள், அது அப்படியே பம்பு வழியாகச் சாஃப்ட்னருக்குள் போகும். சம்ப் கழுவும் நாளில் சாஃப்ட்னரைப் பைபாஸ் செய்யச் சொல்லி, பம்பு ரூம் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

குழாயில் கசகசா மாதிரி மணிகள்

வீட்டுக் குழாயில் வந்தால் ரெசினை உள்ளே தடுத்து நிறுத்தும் அடி ஸ்ட்ரெய்னரோ (சல்லடை) நடுக்குழாயோ உடைந்திருக்கிறது. உடனே சாஃப்ட்னரை நிறுத்திப் பைபாஸில் விடுங்கள், மணிகள் வாஷிங் மெஷின் வால்விலும் ஷவரிலும் ஆர்.ஓ. முன்வடிகட்டியிலும் போய் அடைக்கும். தொட்டியைத் திறந்து ரெசினை வெளியே எடுக்காமல் இதைச் சரி செய்ய முடியாது. பேக்வாஷ் டிரெயினில் மட்டும் வந்தால் வேகம் அதிகம், அல்லது மேல் ஸ்ட்ரெய்னர் போயிருக்கிறது. டிரெயின் நுனியில் ஒரு நைலான் துணியைக் கட்டிப் பார்த்தால் எவ்வளவு போகிறது என்று தெரியும்.

உப்பு போட்ட அன்று தண்ணீர் கரிக்கிறது

கழுவல் போதவில்லை. டி.டி.எஸ். மீட்டர் உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான்: வெளியே வரும் தண்ணீரின் அளவு உள்ளே வருவதன் அளவுக்கு இறங்கும் வரை டிரெயினில் விடுங்கள். அப்படியும் அடுத்த நாள் கரித்தால் பிரைன் வால்வு கசிந்து, சர்வீஸ், அதாவது வழக்கமான மென்னீர் ஓட்டம், நடக்கும்போதே கரைசலை இழுக்கிறது.

இந்தக் கழுவல் நீர் எங்கே போகிறது என்று ஒருமுறை குழாயோடு நடந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து கட்டடத்துக்குக் கட்டடம் குழி இருக்கிறது. டிரெயின் குழாயை வசதிக்காக அதில் இணைத்திருப்பதை நான் மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன். நீங்கள் கழற்றிய கால்சியமும் மிச்ச உப்பும் உங்கள் போருக்கே திரும்பிப் போகும். பக்கத்து வீட்டுப் போருக்கும்தான். அதை அன்றைக்கே மாற்றுங்கள்.

அழுகிய முட்டை வாசனை

விடுமுறையில் பூட்டிக் கிடந்த வீடுகளில் வரும். தேங்கிய ரெசினில் கிருமி வளர்ந்திருக்கும். பேக்வாஷ் செய்து, 25 லிட்டர் ரெசினுக்கு 30 மி.லி. அளவில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை உப்புக் கரைசலோடு கலந்து வழக்கம்போல ரீஜெனரேஷன் செய்யுங்கள். அளவு கூடினால் மேலே சொன்ன சவ்வரிசிக் கதைதான். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

மணிகள் நசுங்குகின்றன, அல்லது இரண்டு முறை அமிலச் சுத்தம் செய்தும் கணக்கில் பாதி தண்ணீர்கூட வரவில்லை என்றால் மாற்றுங்கள். புது ரெசின் மூட்டை ஈரமாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்து காய்ந்திருந்தால் நேராகத் தண்ணீரில் போடாதீர்கள், திடீரென்று ஊதி மணிகள் விரியும். கெட்டியான உப்புக் கரைசலில் முதலில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள். தொட்டியை வாய் வரை நிரப்ப வேண்டாம். பேக்வாஷில் படுக்கை ஒன்றரை மடங்கு எழும்பும், அதற்கு மேலே இடம் வேண்டும். நிரப்பியதும் ஒரு பேக்வாஷ், ஒரு ரீஜெனரேஷன். பிறகு உள்ளே, வெளியே இரண்டு ஹார்ட்னஸ் அளவையும் தேதியோடு பம்பு ரூம் சுவரில் எழுதி வையுங்கள். அதன் கீழே, உப்பு போடும் அண்ணன் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ போட்டார் என்று எழுத ஒரு பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள்.